மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பத்துப் பக்க அறிக்கை: பள்ளியிடம் எப்படிப் பேசுவது?

மஞ்சக்குப்பம் தாய், கடலூர்:
எங்கள் மகள் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பிச்சாவரம் அலையாத்திக் காடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் பத்துப் பக்க அறிக்கை எழுதி, வண்ணப் படங்கள் ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் செய்து, தெர்மாகோலில் ஒரு மாதிரியும் செய்து திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இதற்கிடையே அன்றாட வீட்டுப்பாடமும் உண்டு. கேள்வி பதில்களை இரண்டு முறை எழுதி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிடுகிறது. பிச்சாவரத்தை அவள் இன்னும் பார்த்ததில்லை. அந்தப் பத்துப் பக்கத்தை அவளால் எழுத முடியாது, நாங்கள்தான் எழுத வேண்டும் என்பது ஆசிரியருக்கும் தெரியாமலிருக்காது. எட்டு வயதுக் குழந்தையிடம் நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும், பிள்ளையின் மேல் எவருக்கும் மனத்தாங்கல் வராதபடி பள்ளியில் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர், திருப்பாதிரிப்புலியூர்:
அம்மா, இந்த அறிக்கைகள் உருவாகும் இடம் என் கடைதான். கடை சாத்தும் நேரத்தில் டைரியுடன் பெற்றோர் வருவார்கள்; இணையத்தில் கிடைப்பதை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, கலர் பிரிண்ட் போட்டுக் கொடுப்போம். ஒரே வகுப்பைச் சேர்ந்த பல பிள்ளைகளுக்கு ஒரே பக்கங்களையே கொடுத்ததுண்டு. எனக்கு இதில் வருமானம் இருக்கிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே கடைக்கு வரும் துறைமுகப் பகுதித் தாய்மார்கள், அன்றைய வரும்படியில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு அரசு ஆவணத்திலேயே பதில் இருக்கிறது. பிள்ளைகளின் பைச் சுமையைக் குறைக்க மத்திய அரசு வெளியிட்ட 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் கூறுகிறது. நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. முதலிரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்திலேயே உத்தரவிட்டது. பாடச்சுமையைக் குறைக்க வேண்டும் என்று, பேராசிரியர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு 1993இல் அறிக்கை அளித்தது. அதற்குப் பின் ஒரு தலைமுறையே படித்து முடித்துவிட்டது.

ஆயினும் அறிக்கை எழுதச் சொல்வதே தவறு என்று நான் கூறமாட்டேன். தான் பார்த்ததையும் கேட்டதையும் வரிசைப்படுத்திச் சொல்லும் திறன் இந்த வயதில்தான் அரும்புகிறது. அதற்கு ஐந்தாறு வாக்கியங்களும் குழந்தை தானே வரைந்த ஒரு படமும் போதும். பிச்சாவரத்துக்குப் போக முடியாவிட்டால், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட பெரியவர் ஒருவரிடம் அவள் மூன்று கேள்விகள் கேட்டு, அவர் சொன்னதைத் தமிழில் எழுதட்டும். அங்கே அலையாத்தி மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்து, அவற்றின் பின்னாலிருந்த குப்பங்களைப் பெரிதும் காத்தன என்பதை அப்படிக் கேட்டு அறிந்த பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. லகர ளகரம் மாறியிருந்தாலும், றகரம் பிழைத்திருந்தாலும் நீங்கள் திருத்தாதீர்கள். அந்தப் பிழைகளைப் பார்த்துத்தான் ஆசிரியர் அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்; பெற்றோர் எழுதிய பக்கங்கள் அவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

இரு பிள்ளைகளின் தந்தை, ரெட்டியார்பாளையம், புதுச்சேரி:
அம்மையார் சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் வீட்டுப்பாடம் அறவே இல்லையென்றால் அந்த நேரத்தைக் கைப்பேசி பிடித்துக்கொள்கிறது என்பதை என் வீட்டில் கண்கூடாகப் பார்க்கிறேன். மாலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து படிக்கும் பழக்கத்தைச் சிறுவயதில் ஏற்படுத்தாமல் ஆறாம் வகுப்பில் திடீரென்று எதிர்பார்ப்பதும் குழந்தைக்குத் துன்பமே. வாய்விட்டு ஒரு பக்கம் வாசிப்பது, வாய்ப்பாடு சொல்வது போன்றவை தொடர வேண்டும் என்பது என் கருத்து.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
ஐயா, வாய்விட்டு வாசிப்பதை நானும் விடச் சொல்லவில்லை. அதற்குப் பணம் செலவாகாது, படிக்காத தாயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். நான் எதிர்ப்பது குழந்தையின் கை படாத வேலையை மட்டும்தான்.

மஞ்சக்குப்பம் தாய்:
அனைவருக்கும் நன்றி. தேவனாம்பட்டினத்தில் என் பெரியம்மா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துச் சென்று அவரிடம் கேட்கச் சொல்கிறேன். அவள் எழுதும் அந்த ஒரு பக்கத்தை மட்டுமே கொடுத்தனுப்பினால் மதிப்பெண் குறைத்துவிடுவார்களோ என்ற கவலை மட்டும் இருக்கிறது.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
குறைக்கக்கூடும், அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை எந்தக் கல்லூரியும் கேட்கப் போவதில்லை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பேச வேண்டாம். அங்கே எழுதினால் ஆசிரியருக்கு அது குற்றச்சாட்டாகவே படும். முதலில் வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, குழந்தை எழுதிய பக்கத்தைக் கையில் கொடுத்து, "இதை அவளே எழுதினாள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவரும் மேலிடத்தின் கட்டாயத்தால்தான் இதைக் கொடுத்திருப்பார். அவரால் முடியாதென்றால், உங்களைப் போல் நினைக்கும் பெற்றோர் சிலர் சேர்ந்து, கொள்கையின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்து, முதல்வருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள்.