அறைக்குள் கரி போட்டுத் தூங்கினோம், காலையில் வீடு முழுக்கத் தலைவலி

குன்னூருக்குப் புதுசு:
வேலை மாறி மூன்று மாதமாகக் குன்னூரில் இருக்கிறோம். நான், மனைவி, நாலு வயது மகள், அம்மா. டிசம்பர் பிறந்ததிலிருந்து அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை. வீட்டுக்காரம்மாதான் ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்து, கரியை வெளியில் பற்றவைத்து, புகையெல்லாம் அடங்கி நன்றாகக் கனன்ற பிறகு உள்ளே கொண்டுபோய் வையுங்கள், ஒன்றும் ஆகாது என்றார். நாலைந்து நாளாக அப்படித்தான் செய்கிறோம். நேற்றுக் காலையில் நாலு பேருக்கும் தலை பாறாங்கல் மாதிரி, அம்மா வாந்தியே எடுத்துவிட்டார். ராத்திரி சாப்பிட்ட பரோட்டா மேல் பழியைப் போட்டோம். ஆனால் பத்து மணிக்குக் கிளம்பிக் கடைவீதியில் கொஞ்சம் நடந்ததும் எல்லாருக்கும் தெளிந்துவிட்டது. கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரில் அம்மாவுக்கு ஆக்சிஜன் 98 சதவீதம் காட்டியது. ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்தால் போதுமா? கருவி ஏதாவது வாங்க வேண்டுமா?

நைட் டூட்டி:
இன்று ராத்திரி அந்தச் சட்டி உள்ளே வரவே கூடாது, மற்றதை அப்புறம் பேசலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஒரே வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, காய்ச்சல் இல்லை, வெளியே போனால் தெளிகிறது என்றால் முதலில் கரி எரியும்போது வருகிற விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த 98-ஐ நம்பாதீர்கள். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய ரத்தமும் சிவப்பாகவே இருப்பதால் சாதாரண விரல் கருவி அதை ஆக்சிஜன் என்றே கணக்கில் சேர்த்துவிடும். வெளிக்காற்றில் இருந்தால் ரத்தத்தில் ஏறிய இந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். நேற்றைய சமாசாரம் என்பதால் இன்று ரத்தப் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம், ஆனாலும் அம்மாவையும் பாப்பாவையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அறைக்குள் கரி போட்டோம் என்று உள்ளே நுழைந்ததும் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் எங்கள் ஆட்களும் பரோட்டா மேல்தான் பழி போடுவார்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து வெளியே இழுத்துக் கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், உள்ளே நின்று போன் பேசாதீர்கள்.

கோத்தகிரிக்காரன்:
கொஞ்சம் பயமுறுத்துகிறீர்களோ? என் பாட்டி தொண்ணூறு வயதுவரை கரிச் சட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்துத்தான் தூங்கினார்.

ஸ்பேனர்:
அண்ணே, பாட்டி வீடு ஓட்டு வீடுதானே? ஓட்டுக்கு நடுவே, கதவுக்கு அடியில் என்று ராத்திரி முழுக்கக் காற்று வந்துபோகும். இப்போது காங்கிரீட் கூரை, இழுத்துச் சாத்துகிற அலுமினிய ஜன்னல், அதற்கு ரப்பர் வேறு, போதாததற்குக் குளிருகிறது என்று கதவுக்கடியில் கோணியைச் சுருட்டி வைக்கிறோம். புகை போனால் ஆபத்து போச்சு என்று நினைப்பதில்தான் ஏமாறுகிறோம். புகை இருந்தாலாவது கண் எரியும், இருமி எழுந்து கொள்வோம். இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, புகையில்லாத கங்குதான் அதை விடிய விடிய விட்டுக்கொண்டிருக்கும். இரண்டு விரற்கடை ஜன்னலை நம்பி நான் தூங்க மாட்டேன், காற்று அசையாத ராத்திரியில் அது திறந்தும் பயனில்லை.

கருவி வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கடையில் கேட்டால் பெரும்பாலும் சிலிண்டர் கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அது இதற்கு உதவாது, புகை அலாரமும் உதவாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் என்றே கேளுங்கள், பெட்டியில் ஈஎன் 50291 (இந்த அலாரத்துக்கான ஐரோப்பியத் தர எண்) என்று இருக்க வேண்டும். 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு) அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது கத்தும், 300-ஐத் தொட்டால் 3 நிமிடத்துக்குள். தூங்குகிற அறையிலேயே வையுங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு, பெட்டியில் போட்டிருக்கும் வருடத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அலாரம் வாங்கிவிட்டோமே என்று மறுபடி கரி போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கிறதா?

குன்னூருக்குப் புதுசு:
இருக்கிறது. பாத்ரூமுக்கு உள்ளேயே, கதவுக்கு மேலே. வெளியே குழாய் எதுவும் போகவில்லை. இருக்கிற ஒரு சின்ன ஜன்னலையும் குளிருக்காக அட்டை வைத்து அடைத்திருக்கிறோம்.

ஸ்பேனர்:
அட்டையை இப்போதே பிய்த்துப் போடுங்கள், காற்றுப் போதாவிட்டால் கேஸ் கீசரும் இதே வாயுவைத்தான் விடும். அந்தக் கீசரை வெளிச்சுவருக்கு மாற்றி, வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வருகிற மாதிரி செய்யச் சொல்லி வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள், இல்லையென்றால் கரன்ட் கீசர். மாற்றும்வரை கதவைத் திறந்து வைத்துப் பக்கெட்டில் பிடித்து, கீசரை அணைத்துவிட்டு அப்புறம் குளியுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் மெக்கானிக் பார்க்கும்வரை தொடவே வேண்டாம்.

குன்னூருக்குப் புதுசு:
டாக்டரைப் பார்த்தோம், இருவரும் நன்றாக இருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவிடம் சட்டியைத் திருப்பிக் கொடுத்தேன், முகம் கொஞ்சம் வாடிவிட்டது. கீசர் பற்றிப் பேச்செடுத்தால் பொங்கல் கழியட்டும் என்கிறார். அதுவரை பக்கெட்தான். அம்மாவுக்கு வெந்நீர்ப் பையும் இரண்டு கம்பளியும், இன்று காலை ஒருவருக்கும் தலைவலி இல்லை.