எண்ணிக்கைப் பெட்டியில் நீலம் மின்னி மறைகிறது, உதவி வேண்டும்

குடியாத்தத்துக்காரன்:
லுங்கி மொத்தக் கடை ஒன்றின் இணையதளத்துக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஆர்டர் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கைப் பெட்டியில் முன்கூட்டியே 1 இருக்கும். கிளிக் செய்ததும் அது செலக்ட் ஆகி, மேலே அடித்தால் பழையது போய்விட வேண்டும். பெட்டிக்குள் கர்சர் வந்ததும் நடக்கும் ஃபோகஸ் ஈவென்டில், முழுதையும் செலக்ட் செய்யும் செலக்ட் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன். டேப் அடித்து வந்தால் சரியாக இருக்கிறது. மவுஸில் வந்தால் செலக்ட் ஆனதைக் காட்டும் நீலம் மின்னி மறைந்து, கர்சர் 1க்குப் பின்னால் போய் நிற்கிறது. நேற்று ஒருவர் 10 அடிக்க, 110 லுங்கிக்கு பில் போய்விட்டது. முதலாளியிடம் என்ன சொல்வது?

காட்பாடி:
தம்பி, டேப்பில் சரி, மவுஸில் இல்லை என்று நீங்களே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். ஃபோகஸ் வந்த பிறகுதான் பிரவுசர் கர்சரை வைக்கும் வேலையை முடிக்கிறது. அது உங்கள் செலக்‌ஷனை அழித்துவிடுகிறது. ஃபோகஸில் ஒரு கொடியை, அதாவது ஆம்/இல்லை என்று மட்டும் வைத்திருக்கும் ஒரு மாறியை, ட்ரூ (ஆம்) ஆக்குங்கள். கிளிக் ஈவென்டில் கொடி ட்ரூவாக இருந்தால் மட்டும் மறுபடி செலக்ட் செய்து, கொடியை இறக்கிவிடுங்கள். பெட்டியை விட்டு வெளியேறும்போது நடக்கும் பிளர் ஈவென்டிலும் இறக்குங்கள். கொடி இல்லாமல் செய்தால், நடுவில் ஓர் எண்ணைத் திருத்த நினைப்பவரை ஒவ்வொரு கிளிக்கும் கடுப்பேற்றும். செலக்டைச் சற்றுத் தள்ளிப்போட செட்டைம்அவுட் 0 போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மவுஸ் பட்டனை அழுத்தியபடி சற்றுத் தாமதித்தால் மறுபடி அதே கதைதான்.

குடியாத்தத்துக்காரன்:
அண்ணே, மவுஸ் சரியாகிவிட்டது! போனுக்காக, எங்கிருந்து எதுவரை செலக்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் செட்செலக்‌ஷன்ரேஞ்ச் சேர்த்தேன், இன்வாலிட்ஸ்டேட்எரர் என்ற பிழை வருகிறது.

ஆரணிப் பட்டு:
பெட்டியின் வகையை (டைப்) நம்பர் என்று வைத்திருப்பீர்கள். அந்த ஃபங்ஷன் டெக்ஸ்ட், சர்ச், யூஆர்எல், டெல், பாஸ்வேர்ட் வகைகளுக்கும் டெக்ஸ்ட்ஏரியாவுக்கும்தான். நம்பருக்கும் ஈமெயிலுக்கும் கிடையாது. டைப்பை டெக்ஸ்ட் ஆக்கி, இன்புட்மோட் நியூமரிக் கொடுங்கள். போனில் எண் விசைப்பலகையே வரும். எண்தானா என்று நீங்களே சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

குடியாத்தத்துக்காரன்:
ஊர்ப் பெட்டியில் இன்னொரு கூத்து. வேலூர் மூன்றெழுத்துதானே? அதே ஃபங்ஷனுக்கு 0 முதல் 3 வரை கொடுத்தால் பாதியில் நிற்கிறது.

காட்பாடி:
நமக்கு மூன்று, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஆறு. வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. அதன் கணக்கில் குடியாத்தம் 11. முழுதும் வேண்டுமானால் செலக்ட் போதும், எண்ணவே வேண்டாம். எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டுமானால் அதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவி இருக்கிறது, ஃபயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது. பழைய பிரவுசர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வேறு வழி வையுங்கள்.

குடியாத்தத்துக்காரன்:
செலக்டே போதும் அண்ணே. 110ஐ முதலாளியே போன் போட்டு 10 ஆக்கிவிட்டார்.