தெர்ரா பிரேட்டா: கரிசல் வேண்டாம், 'நத்தக்கருமண்' என்போம்

நண்பர்களே, வணக்கம்.

அமேசான் காட்டுக்குள் திட்டுத்திட்டாகக் கிடக்கும், மனிதர் வாழ்ந்து உருவான கறுப்பு மண்தான் தெர்ரா பிரேட்டா. அதற்குத் தமிழில் கலைச்சொல் தேடுகிறோம். 'கரிசல்' என்றே எழுதிவிடலாமே, மக்களுக்குத் தெரிந்த சொல்தானே என்று நேற்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மழைக்குக் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தக் கறுப்பு இயற்கையாக அமைந்தது. அமேசான் கறுப்போ அடுப்பிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நாம் சொல்லவந்த சேதியே போய்விடும்.

அங்கே பெரும்பாலான மண் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். ஓயாத மழையில் சத்தெல்லாம் கரைந்தோடி, அமிலத்தன்மையும் அலுமினியமும் மட்டும் மிஞ்சிய மண். அதற்கு நடுவே ஆற்றோர மேடுகளில் திடீரென்று கறுப்பு, சில இடங்களில் 2 மீட்டர் ஆழம் வரைக்கும். ஒரு பிடி அள்ளி உதிர்த்தால் கரித்துண்டு, மீன்முள், பானை ஓடு. பாஸ்பரசும் கால்சியமும் பக்கத்து மண்ணைவிடப் பல மடங்கு அதிகம், அதனால்தான் அங்குள்ள உழவர்கள் பப்பாளி போட இந்தத் திட்டுகளைத் தேடிப் போகிறார்கள். பெரும்பாலானவை சுமார் 2,500 முதல் 500 ஆண்டுகளுக்கு முன் உருவானவை. எரிமலைச் சாம்பல் என்றும், வற்றிய ஏரியின் வண்டல் என்றும் ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தார்கள். அப்படியானால் மண்ணோடு மண்ணாக இத்தனை பானை ஓடு எப்படி வந்தது?

மனிதர்தான் காரணம். பிரேசிலில் ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில் குயிகுரோ என்ற பழங்குடி மக்கள் இன்றும் இந்த மண்ணை ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் பெரிய முற்றம், சுற்றி வீடுகள், வீட்டுக்குப் பின்னால் குப்பைமேடு. மரவள்ளிக் கழிவு, மீன் மிச்சம், சாம்பல், கரி எல்லாம் அங்கே சேரும், மண் கறுத்ததும் பயிர் வைப்பார்கள். அவர்கள் மொழியில் இதற்கு 'எகெபே' என்று பெயரே இருக்கிறது. இன்றைய குப்பைமேட்டையும் அதே பகுதியின் பழைய ஊர்களையும் ஒப்பிட்டு 2023இல் வந்த ஆய்வு, இது தெரிந்தே செய்த மண் என்று சொல்கிறது.

சரி, பெயருக்கு வருவோம். போர்ச்சுகீசில் முழுப்பெயர் 'தெர்ரா பிரேட்டா டி இந்தியோ', இந்தியோ என்றால் அங்குள்ள பழங்குடி. அதை 'இந்தியக் கருமண்' என்று பெயர்த்தால் நம்மூர் மண் என்றுதான் வாசிப்பார்கள், அந்த வழியே வேண்டாம். இன்னொருவர் முன்வைத்த 'மானுடவாக்கக் கருமண்' இலக்கணப்படி பிழையில்லாதது, ஆனால் சுரங்கக் கழிவுகூட மனிதன் ஆக்கியதுதானே? இங்கே முக்கியம் மனிதன் கை பட்டது மட்டுமல்ல, குடும்பம் குடும்பமாக வாழ்ந்து சமைத்துச் சாப்பிட்டு அந்த மிச்சத்தில் மண் விளைந்தது. 'உயிர்க்கரி மண்' என்றால் கரியை மட்டும் கலந்தால் போதும் என்றாகிவிடும், எலும்பும் சாம்பலும் காணாமல் போகும்.

நம்மிடம் நத்தம் என்ற சொல் இருக்கிறது. ஊர்க்குடியிருப்பு நிலம் என்று பட்டா வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பழைய ஊர் இருந்து அழிந்த மேட்டை நத்தமேடு என்கிறோம், அந்த மண்ணை வயலுக்கு எருவாக அள்ளிப்போடும் வழக்கமும் உண்டு. ஆகவே 'நத்தக்கருமண்'. சொல்லும்போதே ஊரும் வருகிறது, நிறமும் வருகிறது. வருவாய்த்துறை வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால், சொல் அந்தத் துறைக்கு முன்பே ஊரில் இருந்தது என்பேன்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. கறுப்புத் திட்டைச் சுற்றி ஓடு குறைவாக, பழுப்பாக ஒரு மண் பரந்து கிடக்கும், 'தெர்ரா முலாட்டா'. அது பயிர் செய்த நிலமாக இருக்கலாம் என்கிறார்கள், ஊர் இருந்த இடமல்ல, அதற்கு நத்தம் பொருந்தாது. 'கொல்லைப் பழுப்புமண்' என்று யோசித்தேன். ஆனால் கொல்லை சில ஊர்களில் புன்செய், சில ஊர்களில் வீட்டுப் பின்புறம், அந்தப் பின்புறம்தான் குயிகுரோ ஊரில் கறுப்பு மண் விளையும் இடம், குழப்பிவிடும். உங்கள் ஊரில் ஊரையொட்டிய விளைநிலத்தை எப்படிச் சொல்வீர்கள்? எழுதுங்கள், அப்புறம் இரண்டையும் சேர்த்தே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம்.