12,000 ரூபாய்க்கு ஐ.எஸ்.ஓ. 9001: வாங்கலாமா?

கணபதி லேத்:
கோவை கணபதியில் சின்ன சி.என்.சி. பட்டறை வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து 14 பேர். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் கடைசல் வேலை. போன வாரம் ஒரு பெரிய பார்ட்டி, ஐ.எஸ்.ஓ. 9001 தர நிர்வாகச் சர்டிபிகேட் இருந்தால்தான் வெண்டர் லிஸ்டில் சேர்ப்போம் என்று மெயில் போட்டுவிட்டார்கள். விசாரித்தேன். ஒருவர் 12,000 ரூபாய்க்குப் பத்து நாளில் கையில் தருகிறேன், பட்டறைக்கு யாரும் வர மாட்டார்கள் என்கிறார். இன்னொரு இடத்தில் கன்சல்டன்ட், ஆடிட் எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டிலும் அதே நம்பர், அதே தங்கக் கலர் முத்திரை. அப்புறம் எதற்கு ஒரு லட்சம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூணாம் ஷிஃப்ட்:
12,000 கொடுத்து வாங்கி, ஃபிரேம் போட்டு மாட்டுங்கள். நான் 22 வருடம் குவாலிட்டியில் குப்பை கொட்டியவன். மூன்று கம்பெனி, மூன்றிலும் ஐ.எஸ்.ஓ. உண்டு. ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஆறு மாத ரெஜிஸ்டரை எழுதியிருக்கிறோம். ஒரே மையாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று மூன்று பேனா. ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமைக்கும் ரீடிங் போட்டுவிட்டோம், கம்பெனி பூட்டிக் கிடந்த நாள் அது. ஆடிட்டர் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் காசு கொடுப்பது யார்? நாம்தான். பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தால் எவன் ஃபெயில் ஆவான்?

வெர்னியர்:
பொய் ரெஜிஸ்டர் எழுதியது நீங்கள், பழி ஐ.எஸ்.ஓ. மேலா அண்ணா?

என் கதையைக் கேளுங்கள். குறிச்சி சிட்கோவில் பட்டறை, 19 பேர். 2016ல் ஒரு ஹவுசிங்கின் உள்துளை அளவை மாற்றிப் புது டிராயிங் அனுப்பினார்கள். புதுசு ஆபீஸ் மேஜையில் இருந்தது. மெஷின் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு ஒட்டியிருந்தது பழசு. ராத்திரி ஷிஃப்ட் பையன் எதைப் பார்த்து ஓட்டுவான்? 340 பீஸ் ஸ்கிராப். காஸ்டிங் காசையும் என் தலையில் கட்டினார்கள். அவனைப் போட்டுத் திட்டினேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் ஐ.எஸ்.ஓ.வுக்குப் போனோம். வந்த ஆடிட்டர் ஆபீசில் உட்காரவே இல்லை. நேராக மெஷினுக்குப் போய், தொங்குகிற டிராயிங் எந்த ரிவிஷன் என்று கேட்டார். செல்லாத டிராயிங் வேலை நடக்கிற இடத்தில் கிடக்கக் கூடாது என்பதற்கென்றே 7.5 என்று ஒரு பிரிவு இருக்கிறது. இப்போது எங்களிடம் ஒரே விதிதான். பழசைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுசு கைக்கு வரும்.

மூணாம் ஷிஃப்ட்:
இதற்கு ஒரு லட்சம் எதற்கு? 340 பீஸ் போன மறுநாளே புத்தி வந்திருக்குமே.

வெர்னியர்:
வரவில்லையே அண்ணா. நாலே மாதத்தில் வேறொரு பார்ட்டில் அதே கூத்து. 60 பீஸ். யாராவது வெளியாள் வந்து கேட்பான் என்ற பயம் இருந்தால்தான் சில வேலை நடக்கிறது.

அலைந்த ஆடிட்டர்:
இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் கணபதி தம்பிக்கு.

ஜெனீவாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. அது விதியை எழுதுவதோடு சரி. 1987ல் முதல் பதிப்பு வந்தது, இப்போது புழங்குவது 2015ஆம் வருடப் பதிப்பு. சான்று கொடுப்பவை தனி நிறுவனங்கள். அவற்றைச் சோதித்து அங்கீகரிக்க மேலே இன்னொரு அமைப்பு. இந்தியாவில் அது என்.ஏ.பி.சி.பி., இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் வருகிறது. இந்த அங்கீகார அமைப்புகள் உலக அளவில் ஒரே குடையின் கீழ் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்கின்றன, பல வருடம் அந்தக் குடையின் பெயர் ஐ.ஏ.எஃப். 12,000 ரூபாய்க் காகிதத்தின் அடியில் பாருங்கள், ஏதோ ஒரு பெயரில் முத்திரை இருக்கும். அந்தப் பெயர் இந்தக் குடைக்குள் இருக்காது.

யாரும் வர மாட்டார்கள் என்றாரே, அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. எத்தனை பேருக்கு எத்தனை நாள் ஆடிட் என்று அட்டவணையே இருக்கிறது. 11 முதல் 15 பேர் வரை இருந்தால் முதல் ஆடிட்டுக்கு அடிப்படைக் கணக்கு 2.5 ஆள்-நாள். தொழிலைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும், பூஜ்யம் ஆகாது. சான்று 3 வருடத்துக்கு, நடுவில் வருடா வருடம் சர்வேலன்ஸ் என்ற கண்காணிப்பு ஆடிட். இன்னொன்று, ஆலோசனை சொல்கிறவரே சான்றும் கொடுக்கக் கூடாது என்பது விதி. இரண்டு பேரும் ஒரே ஆபீசில் உட்கார்ந்திருந்தால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மூணாம் ஷிஃப்ட் கேட்ட காசுக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு கம்பெனியில் மேஜர் என்.சி., அதாவது பெரிய விதிமீறல் என்று எழுதினேன். அடுத்த வருடம் அவர்கள் வேறு சான்று நிறுவனத்துக்கு மாறிவிட்டார்கள்.

மூணாம் ஷிஃப்ட்:
ஒப்புக்கொண்டதற்கு நன்றி ஐயா. பட்டறை அளவில்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜப்பானின் கோபே ஸ்டீல் 2017ல் என்ன சொன்னது? அலுமினியம், செம்புச் சரக்கின் சோதனை அளவுகளைத் திருத்தி அனுப்பியதாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 500க்கு மேல் வாடிக்கையாளர்கள், கார் முதல் விமானம் வரை. பல வருடம் நடந்திருக்கிறது. அங்கே சர்டிபிகேட்டுக்கா பஞ்சம்?

புது வரவு:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ஐ.எஸ்.ஓ. இருந்தால் பொருள் தரமானது என்று அர்த்தம் இல்லையா, ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி?

அலைந்த ஆடிட்டர்:
இல்லை. சப்மெர்சிபிள் பம்புக்கு ஐ.எஸ். 8034 என்று தனித் தரம் இருக்கிறது. அதன்படி பம்பையே டெஸ்ட் பண்ணிப் பார்த்துத்தான் ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஐ.எஸ்.ஓ. 9001 கம்பெனி நடக்கும் முறையைப் பற்றியது, பம்பைப் பற்றியது இல்லை. அதனால்தான் பம்பு மேலேயோ அட்டைப்பெட்டி மேலேயோ பொருளுக்கே சான்று கிடைத்த மாதிரி அதை அச்சடிக்கக் கூடாது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

ஓசூர்க்காரி:
அந்த மெயிலை அனுப்புகிற பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான். சப்ளையர் குவாலிட்டி, கார் உதிரிபாகக் கம்பெனி. எங்கள் துறைக்கு ஐ.ஏ.டி.எஃப். 16949 என்று இன்னும் கடுப்பான ஒன்று இருக்கிறது, அதை இப்போது விடுங்கள்.

ஒரு பார்ட்டுக்கு 60 கொட்டேஷன் வரும். எல்லாப் பட்டறைக்கும் போய்ப் பார்க்க முடியாது, அதனால் சர்டிபிகேட்டை வைத்துச் சலிக்கிறோம். சான்று எண்ணை ஐ.ஏ.எஃப். தேடல் தளத்தில் போட்டுப் பார்ப்பேன். சான்று கொடுத்த நிறுவனத்துக்கே அங்கீகாரம் இல்லை என்றால் அந்தப் பட்டறைக்கு போன் போகாது. காரணமும் சொல்ல மாட்டோம்.

மிச்சம் இருப்பவர்களிடம் நேரில் போவேன். ஃபைல் எதையும் கேட்க மாட்டேன். கழித்த பீஸைப் போடும் சிவப்பு டப்பா எங்கே, உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்ப்பேன். ரிஜெக்ஷனே இல்லை என்று சொல்கிற பட்டறையில் எனக்குத் தூக்கமே வராது. மைக்ரோமீட்டரில் காலிபரேஷன் தேதி, அதாவது அது சரியாகக் காட்டுகிறதா என்று லேபில் சோதித்த தேதி பார்ப்பேன். மெஷினில் நிற்கிற பையனிடம், அளவு தப்பினால் என்ன செய்வாய் தம்பி என்று கேட்பேன். அவன் முதலாளி முகத்தைப் பார்த்தால் என் வேலை முடிந்தது.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது பிரச்சினை வந்தால், ஐ.எஸ்.ஓ. இல்லாதவனை ஏன் சேர்த்தாய் என்று மேலிடத்தில் என்னைக் கேட்கக் கூடாது. அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

மூணாம் ஷிஃப்ட்:
பார்த்தீர்களா! உங்கள் தலையைக் காப்பாற்ற 14 பேர் பட்டறைக்காரன் லட்சம் கொடுக்கணும். நீங்கள் பார்க்கிற மூன்றுக்கும் சர்டிபிகேட் தேவையே இல்லையே அம்மா.

ஓசூர்க்காரி:
உண்மைதான். ஆனால் அந்த மூன்றும் சரியாக இருக்கிற பட்டறையில் சான்று எடுப்பது பெரிய வேலையும் இல்லை.

வெர்னியர்:
செலவு பற்றிக் கணபதி அண்ணனுக்கு. 2008 பதிப்பு வரைக்கும் தர மேனுவல் கட்டாயம், ஆறு செயல்முறைகளை எழுத்தில் வைத்தே ஆகணும். 2015ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் கன்சல்டன்ட்கள் 20 ஃபைலைக் கொடுத்து அதற்குத் தனியாக பில் போடுகிறார்கள், நானே ஏமாந்தேன். என் மேனுவலில் அட்டை மட்டும்தான் எனது. உள்ளே ஓர் இடத்தில் யாரோ ஒரு ஆஸ்பத்திரியின் பெயரை மாற்ற மறந்திருந்தார்கள்.

அப்புறம், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ஜெட் (ZED) தரச் சான்றிதழையும் பாருங்கள். வெண்கல நிலைக்கு 10,000 ரூபாய், குறுந்தொழிலுக்கு அதில் 80 சதவீதம் மானியம் என்று 2022ல் அறிவித்தார்கள். உங்கள் பார்ட்டி கேட்கும் ஐ.எஸ்.ஓ.வுக்கு அது ஈடாகாது, பழகிக்கொள்ள உதவும்.

கணபதி லேத்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் ஓசூர் அக்கா சொன்ன மூன்றையும் என் பட்டறையில் பார்த்தேன். சிவப்பு டப்பா இருந்தது, அதில் பையன்கள் டீ கப் போட்டு வைத்திருந்தார்கள். ரிஜெக்ஷனும் ரீவொர்க்கும் ஒரே டிரேயில். மைக்ரோமீட்டர் 2019ல் வாங்கியது, அதன் பிறகு எந்த லேபுக்கும் போனதில்லை. பக்கத்துப் பட்டறையில் 25 மி.மீ. ஸ்லிப் கேஜ், அதாவது துல்லிய அளவுக் கட்டை வாங்கி வைத்துப் பார்த்தேன். 25.03 காட்டுகிறது.

வெர்னியர்:
0.03ஆ? அது 30 மைக்ரான். 25 மி.மீ. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு ஆறாம் துல்லிய கிரேடு என்றால் அளவு விலகலாம் என்ற மொத்த டாலரன்ஸே 13 மைக்ரான் அண்ணா.

மூணாம் ஷிஃப்ட்:
எத்தனை நாளாக இப்படிக் காட்டுகிறது? எத்தனை பீஸ் வெளியே போயிருக்கும்?

கணபதி லேத்:
தெரியவில்லை அண்ணா. எதையும் எழுதி வைக்கவில்லையே. பில் புக்கை வைத்துப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். பார்ட்டிக்கு நாளைக்கு நானே போன் பண்ணிச் சொல்லப்போகிறேன். 12,000 ரூபாய்க்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

மூணாம் ஷிஃப்ட்:
முதலில் எல்லா கேஜையும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற சோதனை லேபுக்கு அனுப்புங்கள். ஆடிட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன், கணபதிக்கு வருகிறேன். ஒரு ரெஜிஸ்டர் கோடு போட்டுத் தருகிறேன். பேனா ஒன்றே போதும்.