மூட்டுவாதத்தால் தூரம் நடக்க முடியவில்லை: திருகோணமலையில் சக்கர நாற்காலிக்கான உதவியை யாரிடம் கேட்பது?

கேள்வி – உப்புவெளி வாசகி

வணக்கம். எனக்கு வயது 52. ருமற்றொயிட் மூட்டுவாதம் என்று வைத்தியர்கள் உறுதிப்படுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வாரத்துக்கு ஒரு முறை எடுக்கும் மெதோட்ரெக்ஸேற் குளிசையையும் கிளினிக்கையும் நான் தவறவிடுவதில்லை. ஆயினும் மருந்து நோயைக் கட்டுப்படுத்துவதற்கு முன்னரே இரண்டு முழங்கால்களும் மணிக்கட்டுகளும் சேதமடைந்துவிட்டன. காலை விறைப்பு விட்ட பிறகு வீட்டுக்குள் சுவரையும் மேசையையும் பிடித்தபடி நடமாடுவேன், சமைப்பேன். வாசலுக்கு வெளியேதான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் வீடு நிலாவெளி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. அதன் பாதி கொங்கிரீட், மீதி மணல். சந்தியிலுள்ள சனசமூக நிலையத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து வந்தேன்; என் சொந்த வருமானம் அதுவே. அங்கு போக ஏறக்குறைய 400 மீற்றர் தூரத்தைக் கடக்க வேண்டும். இப்போது அது இயலவில்லை. ஒவ்வொரு நாளும் ஆட்டோவில் போனால் பிள்ளைகள் தரும் பணம் வாடகைக்கே சரியாகிவிடும்.

பற்றரியில் இயங்கும் சக்கர நாற்காலியின் விலையைக் கொழும்பில் விசாரித்தேன். அது எங்கள் குடும்பத்தால் எட்டக்கூடிய விலையன்று. உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றபோது, "நீங்கள் நடந்துதானே வந்தீர்கள்?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு மனு எழுதவே தயக்கமாக இருக்கிறது. கொஞ்சம் நடக்கக்கூடிய ஒருவர் இவ்வுதவியைக் கேட்பது முறைதானா? கேட்கலாமெனில், எங்கே, எப்படிக் கேட்பது?

பதில் 1 – ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர்

சகோதரி, தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வாழ்க்கைத் தேவைகளைத் தாமாகவே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றிக்கொள்ள முடியாதவரையும் தன் வரைவிலக்கணத்துள் அடக்குகிறது. "பகுதியாக" என்ற அந்தச் சொல் உங்களைப் போன்றவர்களுக்கும் இடமளிக்கிறது. படுக்கையில் கிடப்பவருக்கு மட்டுமே உதவி என்று அதில் எங்கும் இல்லை.

வழக்கமான வழி, உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பத்தை ஒப்படைப்பதாகும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் வைத்தியச் சான்றிதழையும் அதனுடன் இணையுங்கள். துணைக் கருவிகளை வழங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்குக் கோரிக்கைகள் அவ்வழியாகவே செல்கின்றன. கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களத்துக்கும் மனு அனுப்ப முடியுமா என்று அதே உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அரச வழியில் பெரும்பாலும் கிடைப்பது கையால் உருட்டும் நாற்காலிதான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாதாந்தக் கொடுப்பனவும் கருவியும் வெவ்வேறு கோரிக்கைகள் என்பதால் அவற்றை ஒரே மனுவில் கலக்க வேண்டாம்.

நான் பார்த்த மனுக்களில் பல வைத்தியச் சான்றிதழிலேயே வலுவிழந்தன. நோயின் பெயரை மட்டும் எழுதிய கடிதத்தை வைத்து ஓர் உத்தியோகத்தர் எதையும் தீர்மானிக்க முடியாது. ஓய்வின்றி எத்தனை மீற்றர் நடக்க முடியும், நடந்த பிறகு என்ன ஆகிறது, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க முடியுமா, நோய் கூடும் நாட்களில் நிலைமை என்ன என்பன எழுத்தில் இருக்க வேண்டும். கிளினிக்கில் உங்கள் வைத்தியரிடம் இதனைக் கேட்டுப் பெறுங்கள். மனுவின் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம். உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளில் முற்றத்தைப் பெருக்கி, நல்ல சேலை உடுத்தி, எழுந்து தேநீர் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. அவர் பார்ப்பதைத்தான் எழுதுவார். அன்று தேநீரை வேறு யாராவது போடட்டும்.

பதில் 2 – இயன்மருத்துவர்

பணம் தேடுவதற்கு முன், எந்தக் கருவி உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது நல்லது. பொருந்தாத கருவி இலவசமாக வந்தாலும் திண்ணையில் துருப்பிடிக்கும். கடற்காற்றுள்ள உங்கள் பகுதியில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

கையால் உருட்டும் நாற்காலியை நீங்களே செலுத்த வேண்டுமெனில், மணிக்கட்டுகளுக்கும் தோள்களுக்கும் அது கூடாத சுமையாகும். வேறொருவர் தள்ளுவதாயின் பரவாயில்லை. சாதாரண ஊன்றுகோலும் வோக்கரும்கூட உடற்பாரத்தை மணிக்கட்டிலேயே இறக்குகின்றன. முழங்கை மடிந்த நிலையில் முன்கையை மெத்தைத் தாங்கியில் வைத்து நடக்கும் வோக்கர் வகையொன்று உண்டு; மணிக்கட்டு சேதமடைந்தவர்களுக்கு அதனையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். அதன் விலையும் மோட்டர் நாற்காலியின் விலைக்கு அருகில் வராது.

மோட்டர் வண்டிதான் வேண்டுமெனில், இரண்டு கைகளாலும் திருப்பும் ஸ்கூட்டர் வகையைத் தவிருங்கள். விரலால் தள்ளும் ஜோய்ஸ்ரிக் உள்ள நாற்காலியே உங்கள் கைகளுக்கு ஏற்றது. இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால்கள் உங்களை எழ விடா. எனவே உயரத்தை அளந்த பிறகே தெரிவு செய்யுங்கள். ஈய அமில பற்றரி பூட்டிய நாற்காலி பெரும் பாரமாக இருக்கும் என்பதால், வீட்டுப் படியில் அதனைத் தூக்கி ஏற்ற முடியாது. சாய்தளம் கட்ட வேண்டிவரும்.

உங்கள் ஒழுங்கையின் மணல் பாதியே எனக்குப் பெரிய கவலை. முன்னால் சிறிய சில்லுகள் உள்ள எந்த நாற்காலியும் அதில் புதைந்து நிற்கும். வாங்குவதற்கு முன் ஒன்றை இரவல் பெற்று அந்த மணலில் ஓட்டிப் பாருங்கள். மீதி ஒழுங்கைக்கும் கொங்கிரீட் போடுமாறு உள்ளூராட்சி மன்றத்துக்கு ஒரு மனு கொடுப்பதும் இதே முயற்சியின் பகுதிதான். அயலவர்களின் கையொப்பங்களும் அதில் சேரும்.

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றி என்பியல் நிபுணரிடம் இதுவரை பேசவில்லையென்றால், அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். கருவிக்கான விண்ணப்பத்தை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

பதில் 3 – கிண்ணியாவிலிருந்து

வணக்கம் அக்கா. எங்கள் வாப்பாவுக்காக இதே அலைச்சலை நாங்களும் பட்டோம். கடையொன்றில் எழுத்துமூல விலைக்கூற்றைப் பெற்று, வைத்தியரின் கடிதத்துடன் இணைத்து, "பணத்தைக் கடைக்கே நேரடியாகச் செலுத்துங்கள்" என்று எழுதிய பிறகே உதவி வந்தது. கையில் காசு கேட்டபோது தயங்கியவர்கள், பொருளாகக் கேட்டபோது தயங்கவில்லை.

ஸகாத் என்ற கட்டாயக் கொடைக்குத்தான் எங்களிடம் வரையறை உண்டு. ஸதகா என்ற, விரும்பிக் கொடுக்கும் தர்மத்துக்கு மத வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கூச்சமின்றிக் கேட்கலாம். கோயில் பரிபாலன சபை, தேவாலயம், லயன்ஸ், ரோட்டரி கழகங்கள் ஆகியவற்றுக்கும் அதே கடிதத்தின் பிரதிகளை அனுப்புங்கள். உங்களிடம் கணிதம் படித்த பிள்ளைகளில் சிலராவது இன்று வெளிநாட்டில் இருப்பார்களே! அவர்களிடம் நீங்களாகக் கேட்க வேண்டாம்; பழைய மாணவர் ஒருவரைக் கொண்டு கேட்பியுங்கள். ஆனால் அங்கிருந்து நாற்காலியை அனுப்பச் சொல்லாதீர்கள். பழுதானால் அதன் உதிரிப்பாகத்தை இங்கே தேடுவது பெரும்பாடு. பற்றரி சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருள் என்பதால், அதன் விலையையும் விலைக்கூற்றில் சேர்த்துக் கேளுங்கள். முகநூலில் படத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் இட வேண்டாம். அதே படத்தை வைத்து வேறொருவர் வசூலிக்கும் காலம் இது.

உப்புவெளி வாசகி

மூவருக்கும் நன்றி. முன்கைத் தாங்கியுள்ள வோக்கரைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த கிளினிக்கில் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்புமாறு கேட்கப்போகிறேன். அந்த வோக்கர் மணலில் போகுமா? மேலும், வோக்கரை வாங்கிவிட்டால் பிறகு நாற்காலி கேட்க முடியாமல் போய்விடுமோ என்பதும் ஒரு பயம்.

இயன்மருத்துவர்

சில்லு பெரிதாக இருந்தால் இறுகிய மணலில் போகும், புதைமணலில் போகாது. கொங்கிரீட் பாதிவரை ஒருவர், முன்சில்லுகள் மணலில் புதையாதபடி அவற்றை உயர்த்திப் பிடித்து, உங்களை நாற்காலியில் தள்ளிவந்து விட, அங்கிருந்து வோக்கருடன் நடப்பது உங்களுக்குச் சரிவரும் என்று தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர்

ஒன்று வீட்டுக்குள் நடமாட, மற்றது வெளியே போக என்று வைத்தியரின் கடிதத்தில் இரண்டையும் ஒன்றாகவே பரிந்துரைக்கச் சொல்லுங்கள். வோக்கரை நீங்களாகவே முதலில் வாங்குவதாயின், அதனைக் கொண்டு எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதையும் மனுவில் குறிப்பிடுங்கள். அப்போது நாற்காலி ஏன் தேவை என்பதற்கு அதுவே சான்றாகும்.