செஸ்ஸில் யானை எண்ட்கேமில் (ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்) தடுமாறுகிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் 10 நிமிட ஆட்டம் ஆடுகிறேன். ரேட்டிங் ஆறு மாதமாக 1500-ஐத் தாண்டவில்லை. இரவில் ஆடும் 3 நிமிட பிளிட்ஸ் வேக ஆட்டத்தை விட்டுவிட்டேன். தோற்ற ஆட்டங்களை செஸ் எஞ்சின் (கணினி அலசல்) போடாமல் முதலில் நானே பார்க்கிறேன். நடு ஆட்டத்தைச் சமாளித்துவிடுகிறேன், யானையும் சிப்பாயும் மிஞ்சும்போதுதான் கோட்டை விடுகிறேன். யானையும் சிப்பாயும் உள்ள எதிராளியை யானையை மட்டும் வைத்து டிராவில் நிறுத்தும் ஃபிலிடோர் நிலையில், நம் பக்கத்து மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்தி, எதிராளியின் சிப்பாய் அங்கே வந்ததும் அதற்குப் பின்னால், பலகையின் மறுகோடிக்குப் போய் செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படித்தால் புரிகிறது. கடிகாரத்தில் 40 நொடி இருக்கும்போது வருவதில்லை.

நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? ஒரே நிலையைக் கணினியோடு திரும்பத் திரும்ப ஆடுவதா, எண்ட்கேம் புதிர்களா? தினமும் 30 நிமிடம்தான் கிடைக்கும். அப்புறம், கூட ஆடிப் பழக யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிறு காலை எனக்குத் தோது.