இதயத்துக்கு இயந்திரம் வந்த பிறகும் சிறுநீரகத்துக்கு ஏன் வரவில்லை?

இளவேனில்:

என் தந்தைக்கு இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவர் அருகில் அமர்ந்திருக்கும்போது எனக்குள் எழும் ஐயம் இது. 1982 டிசம்பரிலேயே அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்விக்-7 என்னும் செயற்கை இதயம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டதாகவும், அவர் 112 நாட்கள் உயிருடன் இருந்ததாகவும் படித்தேன். உயிரின் இருப்பிடமாக நாம் கருதும் உறுப்புக்கே நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு மாற்று வந்துவிட்டது. பள்ளிப் பாடத்தில் வெறும் வடிகட்டி என்று படித்த சிறுநீரகத்துக்கோ உடலுக்குள் வைக்கத்தக்க கருவி இன்றுவரை இல்லை. இதற்குக் காரணம் அறிவியல் தடையா, அல்லது யாரும் அக்கறை காட்டாததா?

பரிதி:

உண்மையில் முந்திக்கொண்டது சிறுநீரகம்தான். நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப், போர்க்காலத்தில், 1943-இல், தொத்திறைச்சி உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி முதல் டயாலிசிஸ் கருவியை உருவாக்கினார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945-இல்தான் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். அதே கோல்ஃப்தான் பின்னாளில் யூட்டாவில் செயற்கை உறுப்பு ஆய்வுக்குத் தலைமை தாங்கினார் என்பதும், ஜார்விக்-7 அங்கிருந்தே வந்தது என்பதும் உங்கள் கேள்விக்குச் சுவையான பின்னணி.

சிறுநீரகம் செயலிழந்தவர் சில நாட்கள் தாக்குப்பிடிக்கிறார். ஆகவே கருவி வெளியே இருக்கலாம், நோயாளி அதனிடம் வந்து போகலாம். இதயம் நின்றால் சில நிமிடங்கள்தான். எப்போதும் உடன் இருக்கும் கருவிதான் அங்கே உதவும். எந்த உறுப்பு எளிது, எது கடினம் என்பதைவிட, எந்த உறுப்பு காத்திருக்கும் என்பதே கருவிகள் எங்கே வைக்கப்பட்டன என்பதைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன்.

இனி அந்த 'வடிகட்டி' என்னும் சொல்லுக்கு வருகிறேன். இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ஆனால் ஒன்று முதல் இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. மீதி அனைத்தையும் சிறுநீரகத்துக்குள் உள்ள நுண்குழாய்களின் செல்கள், சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று கணந்தோறும் கணக்கிட்டு இரத்தத்துக்கே திருப்பியனுப்புகின்றன. டயாலிசிஸ் கருவியில் இரத்தத்தை வடிக்கும் மெல்லிய சவ்வு, வடிப்பதோடு சரி. மீட்கும் அந்தப் பணியை அது செய்வதில்லை என்பதால்தான், கலவை சரியாக அமைக்கப்பட்ட நூறு லிட்டருக்கும் மேற்பட்ட திரவத்தை ஒவ்வொரு அமர்விலும் சவ்வின் மறுபுறம் ஓடவிட வேண்டியிருக்கிறது. வயிற்றுக்குள் அதற்கு ஏது இடம்? இதனால்தான் கலிஃபோர்னியாவில் ஷுவோ ராய் குழுவினர், நுண்துளைகள் கொண்ட சிலிக்கான் சவ்வையும் உயிருள்ள சிறுநீரகச் செல்கள் வளரும் அறையையும் இணைக்க முயல்கின்றனர். 2023-இல் அந்தச் செல் அறை பன்றிகளின் உடலுக்குள் ஒரு வாரம் இயங்கியதாக அவர்கள் வெளியிட்டனர். ஒரு வாரம் என்பதிலிருந்து பல ஆண்டுகள் என்பதற்கு உள்ள தொலைவை நாம் மறக்கக் கூடாது.

மதியழகி:

பரிதி அவர்கள் கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் இதயத்துக்கு மாற்று கிடைத்துவிட்டது என்பதை மட்டும் அப்படியே ஏற்க இயலாது. அந்த 112 நாட்களும் அந்த மனிதர், துணி துவைக்கும் இயந்திரம் அளவுள்ள காற்றழுத்தக் கருவியோடு குழாய்களால் பிணைக்கப்பட்டிருந்தார். வலிப்பு வந்தது, செயற்கை வால்வு ஒன்று உடைந்து மீண்டும் அறுவை நடந்தது. இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறை மடங்கி விரியும் எந்தச் செயற்கைச் சவ்வும் ஒரு நாள் கிழியும்.

ஆகவே பொறியாளர்கள் துடிப்பையே கைவிட்டனர். இன்றைய துணை இதயக் கருவிகளில், காந்தப்புலத்தில் எதையும் தொடாமல் மிதந்து சுழலும் சக்கரம் இரத்தத்தைத் தொடர்ச்சியாகத் தள்ளுகிறது. அவற்றைப் பொருத்தியவர்கள் பலரின் மணிக்கட்டில் நாடித் துடிப்பை உணர முடிவதில்லை. (முதன்முறை பார்க்கும் மருத்துவ மாணவர்கள் திகைப்பதைக் கண்டிருக்கிறேன்.) 2024-இல் டெக்சாஸில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பைவாகோர் என்னும் முழுச் செயற்கை இதயமும் இதே முறையில்தான் இயங்குகிறது, அதைப் பொருத்திக்கொண்ட ஆஸ்திரேலியர் ஒருவர், கொடையாளர் இதயம் கிடைக்கும்வரை நூறு நாட்களுக்கு மேல் அதனோடு வாழ்ந்தார்.

இரத்தமோ அந்நியப் பரப்பு எதைக் கண்டாலும் உறையத் தொடங்கும். உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் குடலிலோ மூளையிலோ கசிவு ஏற்படலாம். இரத்தக் குழாயோடு இணைத்து உடலுக்குள் வைக்கப்போகும் செயற்கைச் சிறுநீரகத்துக்கும் இந்தச் சிக்கல் அப்படியே காத்திருக்கிறது.

இளவேனில்:

இருவருக்கும் நன்றி. காத்திருக்கக்கூடிய உறுப்பு என்பதாலேயே சிறுநீரகத்தின் கருவி வெளியில் தங்கிவிட்டது என்னும் கோணம் எனக்குத் தோன்றவேயில்லை.

நெடுமாறன்:

நான் ஒன்பது ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவன். காத்திருக்கலாம் என்று பரிதி எழுதியது சரிதான். ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் விலை உண்டு. வாரத்தின் 168 மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைப்பது 12 மட்டுமே. வாரத்தில் ஒருமுறை வரும் இரண்டு நாள் இடைவெளியில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போகும். அந்த நீண்ட இடைவெளிக்கு மறுநாள்தான் இதயக் கோளாறுகளும் மரணங்களும் கூடுதல் என்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. எனவே இயற்கைச் சிறுநீரகத்துக்கு நிகரான கருவியை நான் எதிர்பார்க்கவில்லை. அதில் கால் பங்கு வேலையை இரவு பகலாகச் செய்யும் கருவி கிடைத்தாலே, ஊசி குத்தும் நாள்களை எண்ணி வாழும் நிலை மாறிவிடும்.

இளவேனில், உங்கள் தந்தைக்கு அந்த இரண்டு நாள் இடைவெளியில் எடை எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

இளவேனில்:

இல்லை ஐயா, மற்ற நாள்களோடு சேர்த்தே எழுதி வந்தேன். இந்த வாரம் முதல் தனியாகக் குறிக்கிறேன்.